லிண்ட் கட்சியும் டக்கெட் கட்சியும்

வெல்டா ஹாவ்லிக் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். ஐடஹோ மாநிலத்தில் ஓரோஃபினோ என்ற ஊரில், வருடத்தில் ஒன்பது மாதம், முந்நூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போடுவது அவள் பொறுப்பு. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் மூடியதும், தட்டுகளின் சத்தம் இன்னும் காதில் மிச்சமிருக்கும்போதே, மலைக்குப் போய்விடுவாள். ஹஸ்கின்ஸ் மலை உச்சியில் காட்டுத்தீ பார்க்கும் கோபுரம் ஒன்று இருந்தது. வனத்துறை அங்கே கோடைக்கு ஒரு ஆளை வைக்கும். 1968இலிருந்து அந்த ஆள் வெல்டாதான்.

அவள் புருஷன் ஃப்ளாய்ட் வெட்டிய மரங்களை ஏற்றும் லாரி ஓட்டுபவன். முதல் வருடம் அவளைக் கொண்டுபோய் விட்டபோது நாலு பக்கமும் கண்ணாடி வைத்த அந்த ஒற்றை அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள மூணு மாசம் என்னத்தப் பண்ணுவ?" என்று கேட்டான்.

"சும்மா இருப்பேன். முப்பது வருஷமா அதுக்குத்தான் இடம் தேடிட்டு இருக்கேன்."

காலையில் பள்ளத்தாக்கெல்லாம் மேகம் நிரம்பிக் கிடக்கும். உச்சிகள் மட்டும் தீவுகளாக மேலே நிற்கும். வெயில் ஏற ஏற மேகம் வற்றி, அடியிலிருந்து காடு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். அறை நடுவில் வரைபடம் ஒட்டிய வட்டமேசை. எங்காவது புகை எழுந்தால் மேசைமேலிருக்கும் குறிபார்க்கும் சட்டத்தை அந்தப் பக்கம் திருப்பி, எத்தனை பாகை என்று பார்த்து ரேடியோவில் சொல்ல வேண்டும். ஐந்து கோடையில் அவள் சொன்ன புகை பதினொன்று. அதில் இரண்டு வெறும் புழுதி.

போன முதல் வாரமே மூன்று நாள் விடாத மழை. பனிமூட்டம் கண்ணாடியில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றது. கையோடு கொண்டுவந்த இரண்டு நாவலும் தீர்ந்துபோய், கட்டிலுக்கடியில் பெருக்கும்போது இரண்டு ஆப்பிள் பெட்டிகள் தட்டுப்பட்டன. உள்ளே முழுக்கத் துப்பாக்கிப் பத்திரிகைகள். 1951இலிருந்து ஏறக்குறைய ஒரு இதழ் விடாமல், அவளுக்கு முன்னால் அங்கிருந்தவர்கள் விட்டுப்போனவை.

வெல்டாவுக்குத் துப்பாக்கி புதிதில்லை. அப்பா வீட்டில் இரண்டு, ஃப்ளாய்டிடம் நாலு. ஆனால் இந்தப் பத்திரிகைகளை அவள் ஆண்பிள்ளைகளின் விலைப்பட்டியல் என்றே நினைத்திருந்தாள். வேறு வழியில்லாமல் ஒன்றைப் பிரித்தாள். ஹோபர்ட் லிண்ட் என்பவரின் கட்டுரை. ஒரு மனிதர் மான் வேட்டைக்குப் போகிறார். விடியும் முன் எழுந்து காப்பி போடுகிறார். கெட்டிலின் மூடி ஆடுவதைப் பார்க்கிறார். செத்துப்போன நாய் ஒன்றை நினைத்துக்கொள்கிறார். கடைசியில் மான் வருகிறது; அது காதைத் திருப்பி எதையோ கேட்பதைப் பார்த்து, தானும் அதையே கேட்க நின்றுவிடுகிறார். மான் போய்விடுகிறது. அவ்வளவுதான் கட்டுரை.

வெல்டா அதை இரண்டு தடவை படித்தாள். பிறகுதான் ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்ததைக் கவனித்தாள். "குண்டு எடை எவ்வளவு? சொல்லவே இல்லை!" என்று ஒரு கையெழுத்து. அதற்குக் கீழே வேறொரு கையெழுத்து: "உனக்குக் குண்டு எடைதான் வேண்டுமென்றால் டக்கெட்டைப் படி, முட்டாளே." அதற்கும் கீழே, மூன்றாவது ஆள்: "படித்தேன். தூக்கம் நன்றாக வந்தது."

கோபுரத்தில் ஒவ்வொரு கோடையும் தனித்தனியாக இருந்துவிட்டுப் போனவர்கள், ஒருவரையொருவர் கண்ணால் காணாமல், பதினேழு வருடமாகப் பத்திரிகை ஓரத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வெல்டா பென்சிலைத் தேடி எடுத்தாள். "மான் கேட்டது என்ன சத்தம் என்று அவர் சொல்லாமல் விட்டது நல்லது" என்று எழுதி, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெர்ல் டக்கெட் லிண்டுக்கு நேர் எதிர். அசையாத மேசைமேல் துப்பாக்கியை வைத்துச் சுட்டால் எத்தனை அங்குலத்துக்குள் ஐந்து குண்டும் விழும், வெடிமருந்தை எவ்வளவு நிறுத்துப் போட்டார், காற்று எந்தப் பக்கம் வீசியது என்று வரிசையாகச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார். நாய், காப்பி, விடியல் எதுவும் கிடையாது. அந்தப் பத்திரிகையை வாங்குகிறவர்கள் எல்லோரும் இந்த இருவரில் ஒருவர் பக்கம் நின்றார்கள். ஆசிரியருக்கு வரும் கடிதங்களில் பாதி இதைப் பற்றித்தான்.

தினமும் மாலை ஆறரை மணிக்கு சுற்றுவட்டார மலைக் கோபுரங்களில் இருப்பவர்கள் எல்லோரும் ரேடியோவில் நிலவரம் சொல்ல வேண்டும். கீழே வனத்துறை நிலையத்தில் ரேடியோவைப் பார்த்துக்கொள்பவள் பெர்னிஸ். நிலவரம் முடிந்ததும், "ஆறே முக்கால் வரைக்கும் உங்க அரட்டை. அப்புறம் லைன காலி பண்ணிடணும்" என்று விட்டுவிடுவாள். வெல்டாவுக்குத் தெற்கே கல்ட்டஸ் முகட்டில் ஓரின் பிக்ஸ்லர் இருந்தார். மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தொட்டுக்கொண்டிருந்தார். இன்னும் தள்ளி மார்ட்டன் மலையில் டெல்பர்ட் குவாலி என்ற பள்ளி ஆசிரியர். அவர்களை வெல்டா பார்த்ததே கிடையாது. வெயிலில் அவர்கள் கோபுரத்துக் கண்ணாடி மினுங்கும், அவ்வளவுதான். குரல்தான் ஆள்.

ஓரின் டக்கெட் கட்சி. "ஏ பொண்ணே, கேக்குதா? ஓங்க லிண்டு இந்த மாசமும் மூணு பக்கத்துக்கு காப்பி போட்டிருக்காராமே? அந்தாளு துப்பாக்கிய எடுக்கறதுக்குள்ள எல்க் மானு வயசாகிச் செத்துரும். ஓவர்."

டெல்பர்ட் லிண்ட் கட்சி. அவருடைய குரல் மெலிந்த குரல். வார்த்தைகளைத் துடைத்துத் துடைத்து வைப்பார். "ஓரின், உங்க டக்கெட் எழுதுறது மருந்துக் கடைச் சீட்டு. அதுல ஒரு மரம் உண்டா? ஒரு பறவை உண்டா? ஓவர்."

"மரத்த நாப்பது வருஷம் அறுத்திருக்கேன் வாத்தியாரே. அத பத்திரிகைல வேற பாக்கணுமா?"

"வெல்டா, நீங்க சொல்லுங்க."

வெல்டா பொதுவில் டெல்பர்ட் பக்கம்தான். ஆனால் டக்கெட்டையும் அவளால் ஒதுக்கிவிட முடியவில்லை. "டக்கெட் பொய் சொல்ல மாட்டாரு. எங்க சமையலறைல உப்பு அளக்கற மாதிரி எழுதறாரு. பசியக் கிளப்பாது, ஆனா நம்பலாம்" என்றாள். இரண்டு பேரும் அதைத் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டார்கள்.

இப்படியே ஐந்து கோடை போனது. 1973 ஆகஸ்டில் ஃப்ளாய்ட் மளிகையோடு புது இதழைக் கொண்டுவந்து போட்டான். அவன் கீழே இறங்கிப் போனதும் வெல்டா அதை எடுத்துக்கொண்டு வெளித் தாழ்வாரத்தில் உட்கார்ந்தாள். லிண்ட் பழைய எல்க் வேட்டை ஒன்றை எழுதியிருந்தார், இருபது வருடத்துக்கு முந்தையது, செப்டம்பர் மாதத்தில் நடந்தது. மூன்றாவது பத்தியிலேயே வெல்டாவுக்குப் பிடிபட்டுவிட்டது. அவர் நின்ற இடம் அவள் கோபுரத்துக்குக் கீழே இருந்த கெட்டில் ஏரி.

அவளுடைய ஏரி! கோபுரத்தின் கிழக்குப் பக்கம், செங்குத்தான பாறைச் சுவருக்கு அடியில், உள்ளங்கையில் நிற்கும் தண்ணீர் போலக் கிடக்கும். மனசு துள்ளப் படித்துக்கொண்டே போனவள் ஒரு இடத்தில் நின்றாள். "மாலையில் ஏரி முழுவதும் செம்பாக மாறியது. செடார் மரங்களின் வாசனை வந்தது. எல்க் எதிர்க்கரையில் நின்றிருந்தது. நான் கையில் துப்பாக்கி இருப்பதையே மறந்தேன்."

மாலையில் அந்த ஏரியில் வெயிலே கிடையாது. மேற்கே அந்தப் பாறைச் சுவர் நிற்கிறதே! பகல் இரண்டு மணிக்கே தண்ணீர் கறுத்துவிடும். ஐந்து கோடையாக அவள் பார்த்ததுதான். செடாரும் கிடையாது. அந்த உயரத்தில் இருப்பதெல்லாம் ஃபர் மரமும் கொஞ்சம் பைனும்தான்.

அன்று ஆறரைக்கு அவள் யோசிக்காமல் அதை ரேடியோவில் சொல்லிவிட்டாள்.

ஓரினுக்குத் தலைகால் புரியவில்லை. "சொன்னேனா இல்லியா? அந்தாளு வீட்டுத் திண்டுல சாஞ்சுக்கிட்டு எழுதுறாருன்னு சொன்னேனா இல்லியா? வாத்தியாரே, இருக்கீங்களா? ஓவர்."

பிறகு டெல்பர்ட், "இருபத்திரண்டு வருஷமா அந்த மனுஷனோட கட்டுரைகளைத்தான் வகுப்புல வாசிச்சுக் காட்டறேன். பாத்தத எழுதுங்கடா, இவர மாதிரி எழுதுங்கடான்னு சொல்லிச் சொல்லி..." என்றார். வாக்கியத்தை முடிக்கவில்லை. ஓவர் என்றும் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து அவர், "மார்ட்டன் மலை. புகை இல்லை. ஓவர்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். எதிர்க்கட்சி இல்லாமல் ஓரினுக்கும் சுவை போய்விட்டது. நாலு நாள் தனியாகக் கத்திப் பார்த்துவிட்டு அவரும் ஓய்ந்தார். பெர்னிஸ் கொடுத்த பதினைந்து நிமிஷமும் வெறும் இரைச்சலாக ஓடியது.

வெல்டாவுக்கு ஒரு நல்ல பாத்திரத்தைக் கைதவறி உடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அதே சமயம், பார்த்ததைத்தானே சொன்னோம் என்றும் இருந்தது. பத்திரிகைக்கே ஒரு கடிதம் எழுதினாள். மரியாதையாகத்தான் எழுதினாள்: நான் ஹஸ்கின்ஸ் கோபுரத்தில் இருப்பவள், கெட்டில் ஏரியில் மாலை வெயில் விழுவதில்லை, செடாரும் இல்லை, திரு. லிண்ட் வேறு ஏரியை நினைத்துக்கொண்டிருக்கலாம். அடுத்த ஞாயிறு ஃப்ளாய்டிடம் தபாலில் போடக் கொடுத்தாள்.

அவன் உறையின் முகவரியைப் படித்துவிட்டுச் சிரித்தான். "தகரக் குவளையத் தவிர வாழ்க்கைல நீ எதையும் சுட்டதில்ல. நீ துப்பாக்கிப் பத்திரிகைக்கு லெட்டர் போடறியா?"

"சுடறதப் பத்தி எழுதல. வெளிச்சத்தப் பத்தி எழுதியிருக்கேன்."

"அது அவங்களுக்கு எதுக்கு?" என்றான் ஃப்ளாய்ட். ஆனாலும் கடிதத்தைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு இறங்கினான்.

அந்த வருடம் மழை வரவில்லை. காடு பட்டாசுத் திரி மாதிரிக் காய்ந்து கிடந்தது. வழக்கமாகப் பள்ளி திறக்குமுன் செப்டம்பர் தொடக்கத்திலேயே வெல்டா இறங்கிவிடுவாள். இந்தத் தடவை வனத்துறை அதிகாரி கேட்டுக்கொண்டதால், பள்ளிக்கூடம் இரண்டு வாரம் விடுப்புத் தந்தது; டெல்பர்ட்டுக்கும் அவர் பள்ளியில் அப்படியே. அந்த மலையில் அவள் பார்க்கும் முதல் செப்டம்பர் அது. எங்கோ தொலைவில் எரிந்த காட்டின் புகை வானத்தில் மெல்லப் படிந்திருந்தது. தூரத்து முகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிறி, கடைசி முகடு இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாமல் ஆகிவிட்டது. ஹக்கிள்பெரிப் புதர்கள் சிவந்திருந்தன. நாள் முழுவதும் ஒருவிதப் பாதித் தூக்கத்திலேயே நடமாடுவது போலிருந்தது அவளுக்கு.

பதினான்காம் தேதி மாலை நிலவரம் சொல்லிவிட்டு ரேடியோவை வைத்தாள். வழக்கமாக அந்த நேரம் தெற்கு ஜன்னலோரம், கல்ட்டஸைப் பார்த்தபடி, அரட்டையில் இருப்பாள். இப்போது அரட்டை இல்லை. காப்பிக் குவளையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கால் போன போக்கில் கிழக்குத் தாழ்வாரத்தில் போய் நின்றாள்.

அவள் முதுகுக்குப் பின்னால், மேற்கே, இரண்டு உச்சிகளுக்கு நடுவில் ஒரு இடைவெளி உண்டு. கோடையில் சூரியன் அதற்கு வெகு வடக்கே தள்ளி விழும். இந்த நாட்களில் தெற்கே நகர்ந்து நகர்ந்து சரியாக அந்த இடைவெளிக்குள் வந்து இறங்கியது. வெளிச்சம் அவள் தலைக்கு மேலே கடந்துபோய், ஏரிக்கு அந்தப் பக்கம் நின்ற வெளிறிய கல்முகத்தில் அப்பியது. கல் முழுக்கச் சிவந்தது. பிறகு கீழே, நிழலுக்குள் கிடந்த தண்ணீர், அந்தக் கல்லை வாங்கிக்கொண்டு கரையிலிருந்து கரைவரை செம்பாக மாறியது.

வெல்டா குவளையைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தாள். ஏரியில் ஒரு சுழிப்பு இல்லை. ஒரு வெயில் துணுக்குகூட நேராக அதன்மேல் விழவில்லை. ஆனாலும் அது எரிந்துகொண்டிருந்தது. ஏழெட்டு நிமிஷம் இருக்கும். தான் எங்கே நிற்கிறோம், என்ன வேலைக்கு வந்தோம் என்பதெல்லாம் அவளுக்கு அந்த நேரத்தில் இல்லை. கையில் துப்பாக்கி இருப்பதை மறந்தேன் என்று அந்த மனிதர் எழுதியது ஞாபகம் வந்ததும், குவளையை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

"மார்ட்டன் மலை, மார்ட்டன் மலை, ஹஸ்கின்ஸ் பேசறேன். டெல்பர்ட், இருக்கீங்களா? ஓவர்."

"மார்ட்டன். புகை இல்லை. ஓவர்."

"புகையில்ல டெல்பர்ட். நான் சொன்னது தப்பு. ஏரி செம்பாத்தான் ஆகுது. இப்பத்தான் பாத்தேன். எதிர்ப் பாறைலேர்ந்து வருது. அவரு பொய் சொல்லல. நாந்தான் பாக்கல. அஞ்சு வருஷமா இங்கயே ஒக்காந்துக்கிட்டு நான் பாக்கல. ஓவர்."

ரேடியோ இரைந்தது.

"திரும்பச் சொல்லுங்க" என்றார் டெல்பர்ட்.

அவள் திரும்பச் சொன்னாள், இந்தத் தடவை மெதுவாக. கல் சிவந்ததிலிருந்து ஆரம்பித்துத் தண்ணீர் அணைந்தது வரை, விடாமல். மணி ஏழு தாண்டியிருந்தது. பெர்னிஸ் குறுக்கிடவில்லை. முடித்ததும் ஓரினின் குரல்தான் வந்தது.

"செடாரு?"

"செடார் இல்ல ஓரின்."

"அப்ப பாதிப் பொய்" என்றார் ஓரின். ஆனால் அவர் குரலிலும் திரும்பச் சண்டைக்கு ஆள் கிடைத்த மகிழ்ச்சி தெரிந்தது.

மறுநாளே வெல்டா இரண்டாவது கடிதம் எழுதினாள். பத்திரிகை மூலமாக லிண்டுக்கு, நேராக அவர் பெயருக்கே. ஆனால் அதற்குள் முதல் கடிதம் அச்சுக்குப் போயிருந்தது. ஜனவரி இதழில் "கோபுரத்திலிருந்து ஒரு தோட்டா" என்று தலைப்புப் போட்டு வெளியிட்டார்கள். ஃப்ளாய்ட் அதை முடிவெட்டும் கடைக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் காட்டினான். வெல்டா தலையை நிமிர்த்தவில்லை. அடுத்தடுத்த இதழ்களில் ஆறு பேர் அதற்குப் பதில் எழுதினார்கள். லிண்டை இனிமேல் நம்ப மாட்டேன் என்றார் ஒருவர். லிண்ட் பொய் சொன்னாலும் டக்கெட்டின் உண்மையைவிட அது மேல் என்றார் இன்னொருவர். ஒஹாயோவிலிருந்து ஒருவர், அந்த அம்மாள் ஏரியைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தீயைப் பார்க்கட்டும் என்றார். அதைப் படித்தபோது மட்டும் வெல்டாவுக்குச் சிரிப்பு வந்தது.

பனி உருகும் சமயத்தில் ஒரு கடிதம் வந்தது. நடுங்கும் கையெழுத்து.

"அன்புள்ள திருமதி ஹாவ்லிக், உங்கள் முதல் கடிதத்தைப் பார்த்ததும் நீங்கள் சொல்வதுதான் சரி என்று முடிவு செய்துவிட்டேன். எனக்கு எழுபத்து மூன்று வயது. நான் சொல்வதில் பாதி நடக்கவேயில்லை என்பது என் மனைவியின் கட்சி. அந்த ஏரியையும் நானே உண்டாக்கிக்கொண்டேன் போலிருக்கிறது என்று எண்ணி, சில வாரம் எதையும் எழுதாமல் இருந்தேன். உங்கள் இரண்டாவது கடிதத்தை அவளுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். செடாரைப் பற்றி எனக்கு வாதமில்லை. எழுதும்போது பென்சிலைக் கடிப்பது என் வழக்கம். பென்சில் செடாரில் செய்வது. அன்புடன், ஹோபர்ட் லிண்ட்."

அந்தக் கோடையில் மேலே போன முதல் மாலையே வெல்டா இதை ரேடியோவில் வாசித்தாள். டெல்பர்ட் சிரித்து அவள் கேட்டதே இல்லை, அன்றுதான் கேட்டாள். மெலிந்த மனிதர் சிரிக்கும் சிரிப்பாகத் தோன்றவில்லை.

"இதத்தான் நான் சொல்றேன்" என்றார் ஓரின். "டக்கெட் டைப்ரைட்டர்ல அடிக்கிறாரு. ஓவர்."

செப்டம்பர் பதினான்கு வாக்கில் மூவரும் ஹஸ்கின்ஸில் சந்தித்து அந்த வெளிச்சத்தைப் பார்ப்பது என்று பேச்சு வந்தது. வெல்டாவும் டெல்பர்ட்டும் மறுபடி விடுப்புக் கேட்டு வைத்தார்கள். ஆனால் காவலில் இருக்கும்வரை ஒருவரும் கோபுரத்தை விட்டு நகர முடியாது. மழை விழுந்து, இனித் தீப்பயம் இல்லை என்று அதிகாரி சொன்னால்தான் விடுதலை. பன்னிரண்டாம் தேதி அந்த மழை விழுந்தது. பதினான்காம் தேதி மாலை இரண்டு பேரும் ஈரத்தோடு படியேறி வந்தார்கள்.

வெல்டா திகைத்துப்போனாள். இடிமாதிரிக் குரல் கொண்ட ஓரின் அவள் தோள் உயரம்கூட இல்லை. டெல்பர்ட் கதவைக் குனிந்து கடந்தார். கைகள் இரண்டும் ரொட்டிப் பலகை அகலம். மூவரும் கைகுலுக்கினார்கள். ஆறு கோடையாக வாய் ஓயாதவர்கள், காப்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வெல்டா எழுந்து மூன்று நாற்காலியையும் கிழக்கு ஜன்னலைப் பார்க்கத் திருப்பிப் போட்டாள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் போனதும் ஓரின் தொண்டையைச் செருமினார்.

"இந்த மேகத்துல ஒண்ணும் தெரியப் போறதில்ல வாத்தியாரே."

"மழை இருந்தாத்தான் நாம வர முடியும். மழை இருந்தா அது வராது. அப்ப மூணு பேரும் சேந்து பாக்க வழியே இல்ல" என்றார் டெல்பர்ட்.

"டக்கெட்டா இருந்தா மணி, நிமிஷம், திசை எல்லாம் குறிச்சுக் குடுத்திருப்பாரு."

"குடுத்திருப்பாரு. அவரும் இங்க மேகத்தத்தான் பாத்துட்டு ஒக்காந்திருப்பாரு."

ஆறு நாற்பது வந்து, போனது. மேகம் கோபுரத்தின் காலைச் சுற்றி நகர்ந்தது. நடுவில் ஒருமுறை விலகி, ஏரி கொஞ்சம் தெரிந்தது. ஈயச் சாம்பல் நிறம். டெல்பர்ட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அதையே வெகுநேரம் பார்த்தார். "இடம் இதுதான். போதும்" என்றார்.

வெல்டா தோசைக்கல் அளவு அகலத்தில் பான்கேக் வார்க்கப் போனாள். மாவு கலக்கும்போது பின்னால் காகிதம் சரசரத்தது. ஓரின் ஆப்பிள் பெட்டியிலிருந்து எதையோ எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"அது லிண்ட்" என்றாள் வெல்டா.

"தெரியும். பேரு போட்டிருக்கில்ல." கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். "உண்மையச் சொல்லட்டுமா? நான் இவர முதல் பக்கத்துக்கு மேல படிச்சதே இல்ல."

டெல்பர்ட் நாற்காலியோடு திரும்பினார். "ஆறு வருஷமாவா?"

"சண்ட போட மொதப் பக்கமே போதும்யா."

இரண்டு பேரும் முகத்துக்கு முகம் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். பிறகு ஓரின் ஜன்னலோரம் பத்திரிகையைச் சாய்த்துப் பிடித்து, விரலை வரிக்கடியில் ஓட்டியபடி, கரகரத்த குரலில் உரக்க வாசிக்க ஆரம்பித்தார். விடியுமுன் எழுந்த மனிதர், கெட்டில் மூடி, செத்துப்போன நாய். வெல்டா முதல் பான்கேக்கைத் திருப்பினாள். ஓரின் முதல் பக்கத்தின் கடைசி வரிக்கு வந்து நிறுத்தினார். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தார். வெல்டா அடுத்த பான்கேக்குக்கு மாவை ஊற்றினாள். எச்சிலைத் தொட்டுத் தாளைத் திருப்பிக்கொண்டு, மேலே வாசித்தார்.